மூன்றாவது வரி

அந்த வீட்டில் ஆண்டிறுதி வாழ்த்து அட்டை எழுதுவதென்றால் ஒரு சிறிய தொழிற்சாலை ஓடுவது மாதிரி. டிசம்பர் முதல் ஞாயிறன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் அம்மா மேசையைத் துடைப்பாள். ஈரம் காயும்வரை யாரையும் கை வைக்க விடமாட்டாள். அதன் பிறகுதான் அட்டைக் கட்டு பிரிக்கப்படும். எண்ணி அறுபது. கூடுதலாக ஒன்று வாங்கினால் நிச்சயம் ஒன்று பாழாகும் என்பது அவள் நம்பிக்கை. அப்பா முதல் வரியை எழுதி வலப்பக்கம் தள்ளுவார். அம்மா இரண்டாவது வரியை எழுதித் தள்ளுவாள். மூன்றாவது வரி பெரியவனுடையது. நான்காவதும் கடைசியுமான வரி சின்னவளுடையது.

அப்பாவின் வரி முப்பது வருடமாக ஒரே வரி. 'அனைவரும் நலம், உங்கள் நலமறிய ஆவல்.' சொந்தத் தங்கைக்கும் அதுதான், பல் பிடுங்கிய டாக்டருக்கும் அதுதான். அம்மா ஆளைப் பார்த்து எழுதுவாள். ஒருவருக்கு முழங்கால் வலியை விசாரிப்பாள், ஒருவருடைய மகளுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பாள். பெரியவன் யாரையாவது வம்புக்கு இழுப்பான். சின்னவள் மிச்சமிருக்கும் இடத்தில் மிச்சமிருப்பதைச் சொல்வாள்.

ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒருவர் வரியை இன்னொருவர் எழுதக் கூடாது. ஒரு வருடம் அப்பாவின் வலது மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்டிருந்தது. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் வழுக்கி விழுந்திருந்தார். அப்போதும் அம்மா விடவில்லை. இடது கையால் அறுபது தடவை நலமறிய ஆவல் எழுத வைத்தாள். கோழி கிளறிய மாதிரி இருந்தது. "இருக்கட்டுமே, அந்தக் கோழி நம்ம வீட்டுக் கோழிதானே" என்றாள்.

பெரியவன் போய்ப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. ஒரு முற்பகலில், மூக்குக் கண்ணாடியின் காதுக் கம்பி உடைந்துவிட்டது, ஒட்டிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினான். கண்ணாடிக் கடைக்கு அவன் வரவே இல்லை என்றார் கடைக்காரர். அன்றைக்கு அவனுக்கு வயது இருபத்தாறு. அதன் பிறகு காவல் நிலையம், மருத்துவமனைகள், செய்தித்தாள் விளம்பரம் என்று எல்லாம் ஓய்ந்தாயிற்று. ஓயாதது மூன்றாவது வரி மட்டும். அம்மா தன் வரியை முடித்ததும் அதன்கீழ் ஆள்காட்டி விரலைக் கிடையாக வைத்துக் காட்டுவாள். அந்த அளவு இடத்தை விட்டுத்தான் சின்னவள் எழுத வேண்டும். அம்மா தள்ளும் அட்டை காலி நாற்காலியின் முன்னால் போய் நின்றுவிடும். சின்னவள் எட்டி இழுத்துக்கொள்வாள். பதினோரு வருடமாக எட்டி இழுத்து அவளுக்கு இடது தோளில் ஒரு வலியே வந்துவிட்டது.

அட்டை பெறுகிறவர்களில் பலர் அந்த இடைவெளியை ஓர் அழகு என்று நினைத்துக்கொண்டார்கள். தொலைவில் வேறு ஊரில் இருந்த பெரியம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அட்டை கிடைத்ததும் கூப்பிட்டு, "இடம் பாத்தேன்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

இந்த வருடம் அம்மா முன்பே களைத்துவிட்டாள். கோடையிலிருந்தே இதயம் சரியில்லை. படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரெல்லாம் லிஃப்ட் ஓட வைத்த மனிதர் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடியில். எழுபத்திரண்டு படிகள். அம்மா தெருவில் கால் வைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அப்பா வீட்டு வாரிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, ஒரு தரைத்தள வீடு கிடைத்திருந்தது. வாசலில் இரண்டே படி. வரும் வெள்ளி விட்டு அதற்கடுத்த வெள்ளிக்கிழமைக்குள் இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். 'அவன் வந்து இந்தக் கதவைத்தானே தட்டுவான்' என்று அம்மா மூன்று மாதம் மறுத்தாள். நவம்பர் கடைசியில்தான் ஒருவழியாகத் தலையசைத்தாள்.

அந்த ஞாயிறு முப்பது அட்டை முடிந்ததும் அம்மா மற்ற அட்டைகளிலும் தன் வரியை வேகமாக எழுதி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். தபால்தலை குறைகிறது என்று அப்பா கீழே இறங்கினார். சின்னவள் தனியாக இருந்தாள். சன்னல் வழியே வெயில் காலி நாற்காலியின் முதுகில் விழுந்து மேசைவரை வந்திருந்தது. அட்டைகளைத் தள்ள ஆள் இல்லாததால் அவள் தானே எழுந்து எழுந்து எடுத்து வந்தாள். தோள் வலித்தது. கடைசியில் நாற்காலி மாறிப் பெரியவன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். கைக்கு வந்தது பெரியம்மாவின் அட்டை.

வேண்டுமென்று செய்தாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பேனாவைத் திறந்தது நினைவிருந்தது. தன்னையறியாமல் சிரித்ததும் நினைவிருந்தது. பார்த்தபோது மூன்றாவது வரி நிறைந்திருந்தது. 'பெரியம்மா, உங்க பூனை இன்னும் இருக்கா, இல்ல இப்ப நீங்களே கத்திக்கிறீங்களா?'

அண்ணனின் எழுத்து. இடப்பக்கம் சாய்ந்து, காற்றுக்கு எதிராக நடக்கிறவன் போல. புள்ளிகள் புள்ளியாக இல்லாமல் குட்டி வட்டங்களாக.

அந்த எழுத்து அவளுக்கு எப்படி வரும் என்பதில் மர்மம் இல்லை. அவளுக்கு ஒன்பது வயது, அவனுக்குப் பதினைந்து. வகுப்பில் பேசியதற்காக 'இனிப் பேச மாட்டேன்' என்று இருநூறு தடவை எழுதி வரச் சொல்வார்கள். அவன் நூறு எழுதுவான், அவள் நூறு எழுதுவாள். ஆசிரியருக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடமாக அவள் அதைத் தொட்டதில்லை.

கிழித்துப் போட்டிருக்க வேண்டும். ஆனால் அம்மா எண்ணி வாங்கிய அறுபது. மேலே இரண்டு வரிகள் காய்ந்திருந்தன. பெரியம்மா சிரிப்பாள், அவ்வளவுதானே என்று நினைத்தாள். உறையில் போட்டு ஒட்டினாள்.

*

சின்னவள் வேலை பார்த்தது ஒரு பெரிய மருத்துவமனையின் திசு ஆய்வுக்கூடத்தில். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த துணுக்கு மெழுகுக் கட்டிக்குள் உறைந்து வரும். அதை இயந்திரத்தில் மெல்லிய ஏடாகச் சீவி, வெந்நீரில் மிதக்க விட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்த வேண்டும். ஒவ்வொரு தகட்டின் முனையிலும் நோயாளியின் எண்ணை எழுத வேண்டும், அதுவும் பென்சிலால். பேனா மை சாயக் குளியலில் கரைந்துவிடும். பென்சில் கரையாது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது தகடு. எண் மாறினால் ஒருவருடைய நோய் இன்னொருவருக்குப் போய்விடும். ஆகையால் அந்தக் கூடத்தில் கையெழுத்து என்பது முகம் மாதிரி. பார்த்ததும் யாருடையது என்று தெரிய வேண்டும்.

அவளோடு வேலை பார்த்த மூத்த தொழில்நுட்பரை எல்லோரும் மைக்ரான் என்றே கூப்பிட்டார்கள். ஏடு நாலு மைக்ரான் தடிமனுக்கு மேல் போனால் அவருக்குத் தலைவலி வந்துவிடும்.

திங்களன்று முற்பகல் மைக்ரான் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இத யாரும்மா எழுதினது?"

"நான்தான், சார்."

"உன் எழுத்து எனக்குத் தெரியாதா? குண்டு குண்டா, வரிசையில நிக்கிற பிள்ளைங்க மாதிரி இருக்கும். இது என்ன, எல்லாம் பஸ் பிரேக் போட்ட மாதிரி பின்னாடி சாயுது? ஏழுக்கு நடுவுல கோடு வேற. எப்பத்திலேருந்து ஏழுக்கு பெல்ட் மாட்ட ஆரம்பிச்ச?"

அவள் தட்டைப் பார்த்தாள். இருபது தகடுகள். அண்ணன் ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவான்.

"தூக்கக் கலக்கம், சார். மாத்தி எழுதிடறேன்."

"எண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆள்தான் மாறியிருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போனார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

அவள் அழித்துவிட்டு, ஒவ்வொரு எண்ணையும் பள்ளிப் பிள்ளை மாதிரி நிதானமாக எழுதினாள். பதினொன்று சரியாக வந்தன. பன்னிரண்டாவது சாய்ந்துவிட்டது. செவ்வாயன்று வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்தே சாய்ந்திருந்தது. அது வலிக்கவில்லை, கை நடுங்கவும் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கூட்டத்தில் யாரோ தோள்மேல் கை போட்டு நம்மோடு நடக்க, நாம் அதைக் கவனிக்காமலே பாதித் தெரு போய்விட்டது மாதிரி இருந்தது.

புதன்கிழமை மாலை அவள் வீடு திரும்பியபோது அம்மா தொலைபேசியில் இருந்தாள்.

"எந்த வரிக்கா? ... நல்லாப் பாரு. மூணாவதா? ... கண்ணாடி போட்டுக்கிட்டுதானே பாக்கிற? ... படி. மெதுவாப் படி."

பிறகு அம்மா சிரித்தாள். பதினோரு வருடமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. தொலைபேசியை வைத்துவிட்டு, வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"என்னங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். "வீட்டு ஆபீஸுக்குச் சொல்லிடுங்க. நாம எங்கயும் போகல."

"என்ன பேசுற நீ?"

"அக்காவோட அட்டையில அவன் எழுதியிருக்கான். பூனையக் கேட்டிருக்கான். வேற எவன் கேப்பான் அந்தப் பூனைய? அவன் இங்க வந்துட்டுப் போயிருக்கான். நான் படுத்திருந்தேன், நீங்க கீழ போயிருந்தீங்க."

அப்பா திரும்பிச் சின்னவளைப் பார்த்தார். அவள் தோள் பையைக்கூட இறக்கவில்லை.

"அம்மா, அது..."

"நீயும் வீட்டுல இருந்தும் பாக்கலையா? உனக்கு எப்பவும் பகல்லயே கனவுதான்" என்று சொல்லிவிட்டு அம்மா பெரியவனின் அறையைத் திறந்து போர்வைகளை உதற ஆரம்பித்தாள். இரண்டு போர்வை உதறுவதற்குள் மூச்சு வாங்கிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பூத்திருந்தது. அப்பா மாத்திரையோடு ஓடினார்.

சின்னவளை அப்பா சமையலறையில் மடக்கினார்.

"நீதானே?"

"ஆமாப்பா."

"அடிப்பாவி." அவர் குரலை உயர்த்தவில்லை. "இருநூறு பேர் நமக்குப் பின்னாடி வரிசையில நிக்கிறாங்க. இந்த வீடு போச்சுன்னா அடுத்தது கிடைக்க அவ இருக்கணுமே. போய்ச் சொல்லு. நீ கட்டினது, நீயே அவிழ்த்து விடு."

சனிக்கிழமை காலை அவள் சொன்னாள். அம்மா சன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதனிலிருந்து அதே இடம்தான். கீழே போகிற ஒவ்வோர் ஆணின் நடையையும் அளந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த வரிய நான்தான் எழுதினேன். அண்ணனோட இம்போசிஷன் நான் எழுதுவேன்ல, அந்த எழுத்து. சும்மா விளையாட்டுக்கு. தப்புதான்."

அம்மா கோபப்படவில்லை. மேசையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள்.

"எழுது."

"என்ன எழுத?"

"அவன் பேர எழுது."

சின்னவள் எழுதினாள். குண்டு குண்டாக, நேராக, வரிசையில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி. மறுபடி எழுதினாள். வேண்டுமென்றே இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தாள். ஒரு நல்ல பெண் குடிகாரனாக நடிக்கிற மாதிரி இருந்தது. புள்ளியை வட்டமாக்கினாள். வட்டம் அசடாக வழிந்தது. வாரம் முழுவதும் கேட்காமலே வந்த எழுத்து, கேட்டபோது வரவில்லை.

"பாத்தியா?" என்றாள் அம்மா, மிக அன்பாக. "உன்னால முடியல. அப்பா சொல்லிக் கொடுத்தாரா, இப்படிப் பொய் சொல்லுன்னு?"

சின்னவளுக்கு முகம் கொதித்தது. அறைக்கு ஓடித் தோள் பையைக் கவிழ்த்தாள். ஆய்வுக்கூடத்துக்கு வாங்க வேண்டியதை வெள்ளியன்று எழுதிய சீட்டு கிடைத்தது. பென்சில் ஆறு, கையுறை இரண்டு பெட்டி, வடிதாள். எல்லாம் சாய்ந்திருந்தது, எல்லாப் புள்ளியும் வட்டம். கொண்டுவந்து அம்மாவின் மடியில் போட்டாள்.

"இது நான் எழுதினது. நேத்து. எங்க லேபில."

அம்மா சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். விரலால் ஒவ்வொரு வட்டத்தையும் தொட்டாள். நிமிர்ந்தபோது கண் பளபளத்தது.

"உங்க லேபுக்கும் வந்தானா?" என்று கேட்டாள். "எங்கே உக்காந்து எழுதினான்? இளைச்சிருக்கானா?"

கதவருகில் நின்ற அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

*

இனி எந்தச் சான்றும் அவனுடைய சான்றாகத்தான் ஆகும் என்பது சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மா இந்த உலகத்தில் ஒரே ஒருவன் சொல்லைத்தான் கேட்பாள். சரி, அவனே சொல்லட்டும்.

திங்கள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அவள் சாயக் குளியல் மேசை ஓரத்தில் உட்கார்ந்தாள். மருத்துவமனை வாசல் கடையில் ஓர் அட்டை வாங்கியிருந்தாள். அதில் ஏதோ பறவை. பென்சிலைத்தான் எடுத்தாள், இங்கே பென்சிலுக்குத்தான் அது வருகிறது. காத்திருந்தாள். மேலே காற்றாடி சுற்றியது, குழாயில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. 'அண்ணா, நீ கெடுக்கல, நான்தான் கெடுத்தேன். ஆனா ஒரு உதவி பண்ணு' என்று மனதுக்குள் சொன்னாள். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

கை சாய்ந்தது.

'அம்மா, வீடு மாறிடு. புது விலாசம் எனக்குத் தெரியும். படியேறாதே.'

அவ்வளவுதான் அவள் நினைத்து வைத்திருந்தது. பென்சிலைத் தூக்கப் போனாள். அது தாளை விட்டு எழவில்லை. கீழே இன்னும் ஒரு வரி வந்தது.

'வாளிய மறந்துடாதே.'

என்ன வாளி? அவள் அந்த வார்த்தையைப் பார்த்தபடியே இருந்தாள். வீட்டில் இருந்த இரண்டு வாளியும் பிளாஸ்டிக். அழித்துவிடலாம் என்று ரப்பரை எடுத்தாள். மைக்ரானின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டது. அட்டையை உறைக்குள் தள்ளினாள். மாலையில் மருத்துவமனை வாசல் தபால் பெட்டியில் போட்டபோது உறை உள்ளே விழுகிற ஓசைக்குக் காது கொடுத்தாள். ஓசையே வரவில்லை. அதற்காக ஒரு பேருந்தைத் தவறவிட்டாள்.

புதன்கிழமை பிற்பகல் அவளுக்கு அரை நாள் விடுப்பு. அப்பா கீழிருந்து தபால் எடுத்து வந்தார். மின்சார வாரியக் கடிதம், பெரியம்மா அனுப்பிய அட்டை, அப்புறம் அது. அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முத்திரையைப் பார்த்தாள்.

"இந்த ஊர் முத்திரைதான்" என்றாள்.

பிறகு பிரித்துப் படித்தாள். முதல் வரியில் தலையாட்டினாள். கடைசி வரியில் நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அப்பா பதறி மாத்திரையைத் தேட, அவள் கையசைத்துத் தடுத்தாள். அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வாளிம்மா?" என்றாள் சின்னவள்.

"உனக்கு எப்படித் தெரியும்? நீ அப்ப வயித்துல. எட்டு மாசம்." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவனுக்கு ஆறு வயசு. தண்ணி எடுக்கிற தகர வாளியத் தலையில கவுத்துக்கிட்டான், ராஜாவாம். காது மாட்டிக்கிச்சு. உள்ளேருந்து கத்துறான், வாளி அலறுது. நான் உன்னையும் தூக்கிக்கிட்டுக் குனிய முடியாமக் குனிஞ்சு, உங்கப்பாவோட தகரம் வெட்டுற கத்திரி இருந்துச்சுல்ல, அதால வெட்டி எடுத்தேன். புது வாளி. அப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிக்கிட்டோம். யாரோ திருடிட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

அப்பா மாத்திரைப் புட்டியோடு அப்படியே நின்றார்.

"அந்த வாளியா?" என்றார். "அடியே, எதிர் வீட்டுக்காரன்தான் எடுத்தான்னு நான் அவனோட நாலு வருஷம் பேசலையேடி! அவன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகல!"

"அதனாலதான் சொல்லல" என்றாள் அம்மா.

அப்பாவே சிரித்துவிட்டார். சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. சிறு வயதில் அரைத் தூக்கத்தில் அண்ணன் எப்போதாவது சொல்லியிருப்பானோ, தான் மறந்திருப்போமோ என்று உள்ளுக்குள் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. தேடத் தேட வலது கை குளிர்ந்துகொண்டே வந்தது. அதை மடியில் இடது கைக்குக் கீழே ஒளித்து வைத்தாள். அம்மா அந்த ஒளித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை அம்மா கையெழுத்துப் போட்டாள். அதிகாரி மாடியேறி வந்து வாங்கிப்போனார்.

*

வீடு மாறியது அந்த மாதக் கடைசியில். அப்பாவின் பழைய கூட்டாளிகள் இருவர் அம்மாவை நாற்காலியோடு தூக்கி எழுபத்திரண்டு படியும் இறக்கினார்கள். "லிஃப்ட் வேலைக்காரன் பொண்டாட்டிக்குக் கடைசியில கைலிஃப்ட்தான்" என்று அம்மா வழியெல்லாம் கிண்டல் செய்தாள். தரைத்தள வீட்டின் இரண்டு படியையும் தானே ஏறினாள். மூச்சு வாங்கவில்லை. சமையலறைச் சன்னலிலிருந்து ஒரு மரமும் யாருடைய சைக்கிளோ ஒன்றும் தெரிந்தன.

மறுநாள் காலை சின்னவள் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா ஓர் உறையைக் கொடுத்தாள். ஒட்டியிருந்தது. மேலே பெரியவன் பெயர் மட்டும், விலாசம் இல்லை.

"இத அவனுக்குச் சேத்துடு."

"எங்கம்மா அனுப்பறது?"

"உனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அம்மா அவள் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். பள்ளிக்கூடம் போகிற காலத்துக்குப் பிறகு அவள் அப்படிச் செய்ததே இல்லை.

சின்னவள் பேருந்தில் பிரிக்கவில்லை. கூடத்துக்குப் போய், மேலங்கியை மாட்டி, வெந்நீர்த் தொட்டி சூடாகும்வரை நின்றுகொண்டே பிரித்தாள். பெரியம்மாவுக்கும் பல் டாக்டருக்கும் எழுதுகிற அதே மாதிரி அட்டை. அப்பாவின் வரி இல்லை. எல்லாம் அம்மாவின் கை.

'கண்ணா, வீடு மாறிட்டோம். ரெண்டே படி. நல்ல வெளிச்சம். வாளி விஷயம் அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு, பயப்படாதே, சிரிச்சாரு. தங்கச்சி கைய விட்டுடு. அவளுக்கு வேலை இருக்கு, அதுல தப்பு வரக் கூடாது. வர்றதா இருந்தா நீயே வா. வர முடியாத இடத்துல இருக்கேன்னா, பரவாயில்ல. அம்மாவுக்குப் புரியும்.'

தொட்டி சூடேறி விளக்கு பச்சையானது. மைக்ரான் முதல் தட்டை வைத்துவிட்டு, "இன்னிக்கு நூத்தி எழுபது, தாயே. புத்தாண்டுக்கு முன்னாடி எல்லாருக்கும் முடிவு தெரியணுமாம்" என்றார்.

அவள் பென்சிலை எடுத்தாள். முதல் எண்ணை எழுதினாள். இரண்டாவதை எழுதினாள். ஐந்து, பத்து, இருபது. தட்டு நிறைந்தது.

மைக்ரான் குனிந்து பார்த்தார். "அப்பாடா. ஆள் திரும்பி வந்தாச்சு."

எல்லாம் நேராக நின்றன. குண்டு குண்டாக, அவளுடையவை. ஒன்றிலும் சாய்வு இல்லை. மூன்று வாரம் அவள் ஏங்கியது இதற்குத்தான். தட்டை விளக்குக்கு நேராகத் தூக்கி, ஒவ்வொரு தகடாகத் திருப்பினாள். எங்காவது ஒரு கோணல், எங்காவது ஒரு தளர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தாள். மேசையில் கிடந்த ஒரு காகித ஓரத்தில் 'அண்ணா' என்று எழுதினாள். மெதுவாக, கையைத் தளர விட்டு, மறுபடி எழுதினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எழுதினாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் மைக்ரான். "எண் எதுவும் மாறிடுச்சா?"

"இல்ல, சார்" என்றாள் அவள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு." சொல்லி முடிப்பதற்குள் உதடு கோணிக்கொண்டது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் அண்ணனுக்காக அழுதாள். கண்ணீர் தகட்டில் விழாமல் இருக்க முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு அழுதாள்.